எட்டுப் பேரீச்சங்கொட்டைகள்

ஷார்ஜாவில் சஜா பக்கம் ஒரு லாரி கம்பெனியில் 2006 முதல் 2019 வரை டைம்கீப்பராக இருந்தேன். பேர்தான் டைம்கீப்பர். டிரிப் ஷீட், டீசல் கணக்கு, லீவு டிக்கெட், விசா பாரம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாணிகள், அதாவது பாகிஸ்தான்-ஆப்கான் எல்லைப் பக்கத்துப் பஷ்தூன்கள், பேசுவது பஷ்தோ. ராஸ் அல் கைமா மலையில் உடைக்கிற ஜல்லியை துபாய்க்கும் அபுதாபிக்கும் இழுக்கிற டிரெய்லர்காரர்கள்.

வந்த இரண்டாம் வருஷம் ஒரு தப்பு செய்தேன். அப்போதெல்லாம் சம்பளத்தை ரொக்கமாகக் கவரில் போட்டுத்தான் கொடுப்போம். இரண்டு டிரைவர்கள், இருவர் பாஸ்போர்ட்டிலும் கடைசிப் பெயர் கான், ஊர் ஒன்று, முகச்சாடையும் ஒன்று. அண்ணன் தம்பி என்று நானாக முடிவு செய்து, குவாரியில் இருந்தவருடைய கவரை மற்றவர் கையில் கொடுத்தனுப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை வந்து பார்த்தால் கவர் பிரிக்காமல் என் மேஜை மேல் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஜல்லிக்கல். சாயங்காலம் குவாரிக்காரர் நேரே உள்ளே வந்து, "என் காசை யார் கையில் கொடுத்தாய்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் எனக்குப் பேனா பிடித்த கை உதறிவிட்டது.

அன்று என்னைக் காப்பாற்றியவர் வயதான டிரைவர் ஒருவர். எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஷ்தோவில் காக்கா என்றால் சித்தப்பா; வயதில் மூத்த யாரையும் அப்படிக் கூப்பிடலாம். ஆபீசில் இருந்த கீழக்கரைப் பையனுக்கு இதில் சிரமமே இல்லை, அவன் ஊரில் காக்கா என்றால் அண்ணன். புதுக்கோட்டைக்காரனான எனக்குத்தான் வாயில் வர ஒரு மாதம் ஆயிற்று.

கணக்கு எழுதுகிற என்னை அவர்கள் முன்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். காக்கா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "முன்ஷி, அவங்க ரெண்டு பேரும் தர்பூர்." தர்பூர் என்றால் பெரியப்பா சித்தப்பா மகன். அதே சொல்லுக்குப் போட்டிக்காரன், எதிரி என்றும் பொருள் உண்டு. அவர் விளக்க விளக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் பங்காளியேதான். பாட்டன் நிலத்தில் பங்கு உள்ளவன் அவன், அதனால் வரப்புத் தகராறும் அவனோடுதான். நாம் பங்காளிக் காய்ச்சல் என்கிறோம், அவர்கள் தர்பூர்வலி என்கிறார்கள். மானுடவியல்காரர்கள் பஷ்தூன்களைப் பற்றி எழுதும்போது பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம். என் அப்பாவும் அவருடைய பெரியப்பா மகனும் ஒரு போர்வெல்லுக்காகப் பதினைந்து வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அரை நிமிஷம் போதும்.

கான் என்பதை வைத்து உறவு கணக்குப் போடக் கூடாது என்பது நான் அங்கே கற்ற முதல் பாடம். அது ஒரு பட்டம், மரியாதைக்குச் சேர்த்துக்கொள்வது. நம் ஆட்களைப் பெயருக்கு முன்னால் இருக்கும் இன்ஷியலை வைத்து யாராவது ஒரே குடும்பம் என்று அடுக்கினால் எப்படி இருக்கும்? எஸ். எல்லாம் ஒரு வீடு, கே. எல்லாம் ஒரு வீடு. நான் செய்ததும் அதேதான்.

சரி, கான் குடும்பப் பெயர் இல்லை என்றால் எது? இதைக் கேட்கப் போய்த்தான் இந்த மனிதர்களின் வரலாறு மெதுவாக என் நோட்டுக்குள் வந்தது.

காக்காவின் கூட்டம் அப்ரிடி. என் தலைமுறைக்கு அந்தப் பெயர் 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 141 அடித்த ஷாகித் அப்ரிடி. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்து, நம் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிய மேட்ச். அப்ரிடி என்பது அவருடைய அப்பா பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். "அது ஆள் பேர் இல்லை, ஜனத்தோட பேர்" என்றார் காக்கா. பெஷாவருக்கு மேற்கே, கைபர் கணவாயைச் சுற்றி, ஆப்கான் எல்லை வரைக்கும் இருக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு அது பொது. அவர்கள் வாயில் அது அப்ரீதை என்று வரும். ஃப என்ற ஒலி பஷ்தோவுக்கு இரவல். ஆக, உலகமே ஃப போட்டு எழுத, நம் பத்திரிகைகள் ப போட்டு எழுதுவது அவர்கள் உச்சரிப்புக்குப் பக்கம். டி மட்டும் தப்பு, தி என்று வர வேண்டும். இனி நான் அப்ரீதி என்றே எழுதுகிறேன்.

பட்டாணிகள் சேர்ந்து தங்குகிற அறைக்கு டேரா என்று பேர். ஊரில் ஹுஜ்ரா இருக்கும்: ஆண்கள் கூடிப் பேச, விருந்தாளி தங்க, வழக்குப் பேச ஓர் இடம். நம் ஊர்ச் சாவடியையும் பெரிய வீட்டுத் திண்ணையையும் சேர்த்தால் ஹுஜ்ரா. ஷார்ஜாவில் எட்டுக் கட்டில் போட்ட அறைதான் ஹுஜ்ரா. கவர் விவகாரம் முடிந்த வெள்ளிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தக்காளியும் பச்சைமிளகாயும் போட்டுக் கடாயிலேயே வதக்கிய ஆட்டுக்கறி, தந்தூர் ரொட்டி, அப்புறம் ஏலக்காய் தட்டிப் போட்ட பச்சைத் தேநீர். கடாயை நடுவில் வைத்து எல்லாரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டோம்.

அங்கே அடுத்த தப்பைச் செய்தேன். "ஆப் கா ஜாத் க்யா ஹை?" என்று கேட்டுவிட்டேன். ஒரு சின்னப் பையன் வாயில் இருந்த ரொட்டியோடு சிரித்தான். காக்கா பொறுமையாகச் சொன்னார்: ஜாத் (சாதி) என்று கேட்காதே, கௌம் (குலம்) என்று கேள். அதற்குப் பதில் வந்த பிறகு எந்தக் கேல் (குலத்தின் கிளை) என்று கேள். அதற்கும் பதில் வந்தால் யாருடைய மகன் என்று கேள். இந்த மூன்றும் தெரிந்தால் ஒரு அப்ரீதிக்கு இன்னொரு அப்ரீதியின் வீட்டு வாசல்வரை தெரிந்துவிடும். "நீ யாரு மவன்?" என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்பார்களே, அதே கேள்வி.

பிறகு அவர் தன் முன்னால் குவிந்திருந்த பேரீச்சங்கொட்டைகளில் எட்டைத் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைக்க ஆரம்பித்தார். தேநீர்க் கெண்டி ஆப்கானிஸ்தான், ரொட்டித் தட்டு பெஷாவர். முதல் கொட்டை ஸக்கா கேல்: கைபர் கணவாயும் அதற்குத் தெற்கே பஸார் பள்ளத்தாக்கும். கணவாயின் கிழக்கு வாயில் ஜம்ரூத் பக்கம் கூகி கேல். அப்புறம் மலிக்தீன் கேல், கம்பர் கேல், கமர் கேல், சிபாஹ், அக்கா கேல் என்று ஐந்தை நெருக்கி வைத்தார். இது பாரா சமவெளியும் மேலே தீரா மலைப் பள்ளத்தாக்கும். எட்டாவது கொட்டையைத் தட்டைத் தாண்டி தெற்கே தனியாக வைத்தார்: ஆதம் கேல். பெஷாவரிலிருந்து கோஹாட் போகிற கணவாய்ச் சாலை அவர்கள் கையில். கைத்துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன தர்ரா ஆதம் கேல் அதுதான்.

வைத்ததோடு நிற்கவில்லை. தீராக் கொட்டைகளை விரலால் மேலே தள்ளி "கோடை" என்றார். கீழே இழுத்து "குளிர்" என்றார். பனி விழத் தொடங்கும் முன்னால் குடும்பம், ஆடுமாடு எல்லாம் தீராவிலிருந்து பாரா சமவெளிக்கு இறங்கும். வெயில் ஏறியதும் திரும்ப மலைக்கு. ஆதம் கேல்காரர்கள் அப்படி இடம் மாறுவதில்லை, சாலையே அவர்களுக்கு வயல்.

அன்று ராத்திரி அறைக்கு வந்து நோட்டில் எழுதினேன். ஏழுதான் வந்தது. மூன்று தடவை எண்ணினேன், ஏழு. அடுத்த வாரம் கேட்ட பிறகுதான் தெரிந்தது: கம்பர் கேல், கமர் கேல் இரண்டும் என் காதில் ஒன்றாக விழுந்திருக்கிறது. அவர்களையே உருது எழுத்தில் எழுதச் சொன்னேன், முதல் எழுத்தே வேறு. வேற்று மொழியில் வம்சாவளி கேட்டு எழுதுகிறவர்கள் இதைச் செய்யுங்கள்: காதை நம்பாமல், சொல்பவர் கையாலேயே பெயரை எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பையனை எழுத வையுங்கள். நான் கேட்டு எழுதிய பெயர்களில் பாதிக்கு மேல் பிறகு திருத்தினேன்.

இன்னொன்று. இரண்டு வாரம் கழித்து அதே டேராவில் ஓர் ஆதம் கேல் டிரைவரிடம் கொட்டைகளைக் கொடுத்து வைக்கச் சொன்னேன். அவர் தன்னுடையதை நடு விரிப்பில் வைத்துவிட்டு மற்ற ஏழையும் சுற்றி அடுக்கினார். காக்கா மீசையைத் தடவிக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குலத்தின் கதையை ஒரு கிளையிடம் மட்டும் கேட்டு எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த விரிப்பே சாட்சி.

பூர்வீகம் பற்றிக் கேட்டபோது காக்கா கடாயைக் காட்டினார். பஷ்தூன் வம்சாவளிப்படி எல்லாரும் கைஸ் அப்துர் ரஷீத் என்ற ஒரே மூதாதையின் வழி. அவருக்கு மூன்று மகன்கள்: சர்பன், பட்டன், கர்கஷ்த். அப்ரீதிகள் இந்த மூவர் வழியிலும் வரமாட்டார்கள். அவர்களும் கட்டக், வஸீர், மெஹ்சூத், ஒரக்ஸை போன்ற கூட்டங்களும் கர்லான் என்பவரின் வழி. அந்தக் கர்லான் யார் என்றால், யாரோ கூடாரம் பெயர்த்துப் போன இடத்தில் கிடைத்த குழந்தை. அண்ணன் தம்பி இருவரில் ஒருவருக்கு அந்த இடத்தில் ஒரு இரும்புக் கடாய் கிடைக்கிறது, மற்றவருக்குக் குழந்தை. இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். கடாய்க்கு ஈடாக வந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர் என்று கதை. "நாங்க ஒரு கடாய் விலை" என்று சொல்லி காக்கா கரண்டியால் கடாய் விளிம்பைத் தட்டினார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் நேர்மை. ரத்தம், வம்சம் என்று அவ்வளவு பேசுகிறவர்கள், தங்கள் மரத்தின் ஒரு பெரிய கிளையே தத்தெடுத்தது என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள். தனித்தனியாக இருந்த மலைக்கூட்டங்களை ஒரே மரத்தில் ஒட்டவைக்க வந்த கதையாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அவர்களிடம் ஹம்ஸாயா என்று ஒரு சொல்லும் உண்டு. ஒரே நிழலில் இருப்பவர் என்று பொருள். வேறு கூட்டத்தில் பிறந்து, இந்தக் கூட்டத்தின் பாதுகாப்பில் வந்து தங்கியவர்.

இணையத்தில் பஷ்தூன் என்று தேடினால் இஸ்ரவேலரின் தொலைந்துபோன கோத்திரம் என்பதுதான் முதலில் வந்து விழும். எனக்கும் கொஞ்ச நாள் அந்த மயக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கதை விரிவாக எழுத்தில் ஏறியது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜஹாங்கீர் அவையில் செல்வாக்காக இருந்த ஓர் ஆப்கானியப் பிரபுவின் ஆதரவில் எழுதப்பட்ட பாரசீக நூலில். முகலாயர்களுக்கு நடுவே தங்கள் குலத்துக்கு ஒரு கௌரவமான தொடக்கம் வேண்டும் என்று அந்தப் பிரபுவுக்கு இருந்த தேவை புரிகிறது. அதற்குமேல் அதில் ஆதாரம் இல்லை. பஷ்தோ கிழக்கு ஈரானிய மொழி. கிரேக்கர் ஹெரோடோட்டஸ் சொல்கிற அபரிதாய் மக்கள்தான் அப்ரீதிகள் என்பதும் அப்படித்தான்: ஒலி ஒற்றுமையால் சில ஆய்வாளர்கள் சொன்னது, முடிவானது இல்லை. நான் நோட்டில் இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன். கண்ணால் பார்த்தது, அப்பாவிடம் கேட்டது, எங்கோ படித்தது என்று மூன்று பகுதி. காக்கா சொன்னதிலேயே மூன்றும் இருந்தன. எது எது என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இது நான் மொபைல்ல பார்த்தது" என்று ஒளிக்காமல் சொல்வார்.

லாரி கம்பெனியில் உட்கார்ந்து கேட்டதாலோ என்னவோ, எனக்கு அப்ரீதி வரலாறு ஒரு சாலையின் வரலாறாகத்தான் பட்டது. கைபர் வழியாகப் போகிறவர்கள் இவர்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும். கட்டினால் வழி திறக்கும். இதைச் சிலர் கொள்ளை என்று எழுதியிருக்கிறார்கள். டோல் கேட்டில் நிற்கிற எவனுக்கும் அந்த வார்த்தை அவ்வளவு லேசாக வராது.

1672-ல் அய்மல் கான், தர்யா கான் என்ற இரண்டு தலைவர்களின் கீழ் அப்ரீதிகள் கணவாயை அடைத்து, காபூலுக்குப் போன முகலாய ஆளுநர் முகம்மது அமீன் கானின் படையை நொறுக்கினார்கள். அவர்களோடு கட்டக் தலைவர் குஷால் கானும் சேர்ந்துகொண்டார். 1674-ல் ஔரங்கசீப்பே ஹசன் அப்தால் வரை வந்து முகாம் போட வேண்டியதாயிற்று. போரை விடப் பணமும் பதவியும் கொடுத்துக் கூட்டங்களைப் பிரித்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. பிரிட்டிஷ்காரர்கள் வந்து 1881-ல் கைபர் கூட்டங்களோடு எழுத்தில் ஒப்பந்தமே போட்டார்கள்: வழியைத் திறந்து வைத்திருங்கள், ஆண்டுப் பணம் தருகிறோம், உங்கள் உள்விவகாரத்தில் கை வைக்க மாட்டோம். காவலுக்கு அந்த ஊர் ஆட்களைக் கொண்டே அமைத்த படைதான் கைபர் ரைஃபிள்ஸ். ராபர்ட் வார்பர்டன் என்ற அதிகாரி ஏறக்குறைய 18 வருஷம் அந்த ஏற்பாட்டை ஓட்டினார். அவருடைய அம்மா ஆப்கானியப் பெண். உள்ளூர் மொழி நன்றாகத் தெரியும்.

1897 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு உடைந்தது. 1893-ல் ஆப்கானிஸ்தானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே எல்லையாக டூரண்ட் கோடு போட்டது, மலைக்குள் புதுப் புதுக் காவல் நிலைகள் வந்தது, உப்பு வரி கூடியது என்று பல கோபங்கள் சேர்ந்திருந்தன. அப்ரீதிகள் கணவாய்க் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். லண்டி கோத்தல் கோட்டைக்குள் காவல் இருந்த கைபர் ரைஃபிள்ஸில் அப்ரீதிகள், வெளியே இருந்து சுட்டவர்களும் அப்ரீதிகள். பதிலுக்கு ஜெனரல் லாக்ஹார்ட் தலைமையில் 30,000-க்கும் மேற்பட்ட படை தீராவுக்குள் போனது. அக்டோபர் 20 அன்று தர்காய் உச்சியைப் பிடித்தது லண்டன் பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி. தீராவில் நடந்தது வேறு: அறுவடைத் தானியத்தை எடுத்துக்கொண்டார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். காக்காவின் கதையில் தர்காயே இல்லை. "வெள்ளைக்காரன் பஞ்சாங்கத்துல அது வெற்றி. எங்க பாட்டி கணக்குல அது வால்நட் மரம் எரிஞ்ச வருஷம்" என்றார். இதைக் கேட்டது, பார்த்தது இரண்டில் எதில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டது என்ற பகுதியில் போட்டிருக்கிறேன்.

1925-ல் ஜம்ரூத்திலிருந்து லண்டி கோத்தலுக்கு ரயில் போட்டார்கள், 34 குகைப்பாதைகள், 92 பாலங்கள். இப்போது ஓடுவதில்லை. அந்த வழியாகக் கராச்சியிலிருந்து காபூலுக்குப் போகிற சரக்கை இழுப்பதில் அப்ரீதி லாரிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாகிஸ்தானில் வெளிநாட்டுச் சரக்கு கடத்தி விற்கும் சந்தைக்குப் 'பாரா மார்க்கெட்' என்ற பொதுப்பெயர் வந்ததும் இவர்கள் பாராவிலிருந்துதான். நம் ஊர் பர்மா பஜார் மாதிரி.

பட்டாணிகளைப் பாராட்டுகிறேன் பேர்வழி என்று "நீங்க வீர வம்சம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். காக்கா ஒரு கதையைச் சொல்லி வாயை அடைத்தார். முதல் உலகப் போரில் மீர் தஸ்த், மீர் மஸ்த் என்று ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், அப்ரீதிகள், பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஜமாதார்கள். 1915 மார்ச்சில் பிரான்சில் நவ்ஷப்பெல் அருகே தம்பி மீர் மஸ்த், இன்னும் சில ஆட்களோடு ராத்திரியில் ஜெர்மன் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார். அடுத்த மாதம் 26-ஆம் தேதி ஈப்ர் போரில், விஷவாயுவுக்கு நடுவே காயம்பட்ட அதிகாரிகளைத் தூக்கிவந்ததற்காக அண்ணன் மீர் தஸ்துக்கு விக்டோரியா சிலுவை. ஆகஸ்டில் பிரைட்டன் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதைக் குத்திவிட்டார். "இதுல எவன் வீர வம்சம், சொல்லு" என்றார் காக்கா.

லீவில் ஒருமுறை குடும்பத்தோடு போர்ட் பிளேர் போனோம். என் மனைவியின் அண்ணன் அங்கே கடை வைத்திருக்கிறார். தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர். வைப்பர் தீவில் தூக்குமேடையைக் காட்டிய படகுக்காரர், "வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திய பட்டாணியை இங்கேதான் தூக்கில் போட்டார்கள்" என்றார். பேர் ஷேர் அலி. ஷேர் அலி அப்ரீதி. 1872 பிப்ரவரி 8 சாயங்காலம், மேயோ ஹாரியட் மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கும்போது குத்தினார். மார்ச்சில் தூக்கு.

திரும்பிப் போய்க் காக்காவிடம் சொன்னேன். வைஸ்ராயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தமானுக்கு ஏன் அனுப்பினாங்க?" என்றார். ஷேர் அலி அதற்கு முன் பெஷாவரில் ஆங்கில அதிகாரியிடம் குதிரைச் சேவகனாக நல்ல பேரோடு இருந்தவர். 1867-ல் குடும்பப் பகையில் ஒருவரைக் கொன்றதற்குத் தூக்குத் தண்டனை, அது நாடுகடத்தலாகக் குறைந்தது. காக்கா தலையாட்டினார். "பழி தீர்க்கிறது எங்களுக்குக் கடமை. எங்க சட்டத்துல நியாயமானதுக்கு வேற சட்டத்துல தண்டனை குடுத்தா, மனுஷன் என்ன பண்ணுவான்." சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. புத்தகங்கள் வைஸ்ராய் கொலையில் தொடங்குகிற கதையை அவர் ஐந்து வருஷம் முன்னாலிருந்து தொடங்கினார், அவ்வளவுதான். பதல் என்கிற அந்தப் பழியால் எத்தனை வீடுகள் ஆண் இல்லாமல் போயின என்றும் அவரே வேறொரு நாள் சொன்னார். அதை நான் அழகாக்கி எழுத விரும்பவில்லை.

இவர்கள் ஏழெட்டுத் தலைமுறைப் பெயரை மனப்பாடமாக ஒப்பிப்பதைப் பெருமைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். 1901-ல் வந்த எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றித் தெரிந்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அந்தச் சட்டப்படி ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், அபராதம் போடலாம், சொத்தை முடக்கலாம். வக்கீல் கிடையாது, கோர்ட்டில் அப்பீல் கிடையாது. பாகிஸ்தான் வந்த பிறகும் அது அப்படியே தொடர்ந்தது. எல்லாருக்கும் ஓட்டு என்பதே அங்கே 1997 தேர்தலில்தான் வந்தது. அதுவரை அரசு அங்கீகரித்த மலிக்குகள் என்ற குலப் பெரியவர்கள் மட்டும் போடுவார்கள். காக்காவின் மச்சான் லாரியை ஒரு சோதனைச் சாவடியில் பிடித்து மூன்று மாதம் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் முகம்கூடப் பார்த்திராத ஒருவன், அதே கேல்காரன், எங்கோ செய்த குற்றத்துக்காக. உன் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழியில் எவன் எவன் இருக்கிறான் என்று தெரியாவிட்டால் எதற்காக உள்ளே இருக்கிறாய் என்பதுகூடத் தெரியாது. 2018-ல் 25-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு சேர்ந்தன. கைபர் ஏஜென்சி கைபர் மாவட்டம் ஆனது. டேராவில் இனிப்பு கொடுத்தவர்களும் இருந்தார்கள், "இனி போலீஸுக்கும் பட்வாரிக்கும் வேற காசு குடுக்கணும்" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். பட்வாரி என்றால் நிலக் கணக்கு எழுதுகிற ஊர் அதிகாரி.

ஆபீஸ் வேலைக்கு வருகிறேன். அமீரக விசா பாரத்தில் தாயார் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு பட்டாணியிடம் "அம்மா பேர் என்ன?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று இன்னும் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அவர் பாரத்தை வாங்கிக்கொண்டு போய், ராத்திரி எட்டு மணிக்கு நான் தனியாக இருக்கும்போது வந்து, துண்டுச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுப் பெண்களின் பெயரை வெளியாள் முன் சொல்வதில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பாரத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன், நிரப்பிக் கவரிலேயே திரும்ப வரும். கல்ஃபில் இந்த வேலை பார்க்கிறவர்கள் அவசியம் இப்படிச் செய்து பாருங்கள். சம்சாரம் நலமா என்று விசாரிப்பதும் வேண்டாம், வீட்டில் எல்லாரும் நலமா என்றால் போதும். அதைவிட நல்லது அவர்கள் முறைப்படி "ஸ்தடை ம ஷே" என்பது. களைத்துப் போகாதே என்று அர்த்தம். டிரிப் முடிந்து வருகிற லாரிக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தமிழில்கூடத் தெரியாது.

2009-க்குப் பிறகு பாராவில் தீவிரவாதிகளுக்கு எதிரான ராணுவ நடவடிக்கையும் ஊரடங்கும். 2013-ல் தீராவிலும் சண்டை. ஊரே இறங்கி ஓடியது. சிலர் பெஷாவர் அருகே ஜலோஸை முகாமில், சிலர் கராச்சியில். காக்காவின் குடும்பம் கராச்சிக்குப் போயிற்று. குளிருக்கு இறங்கிக் கோடைக்கு ஏறுகிறவர்கள், இறங்கினதோடு நின்றுவிட்டார்கள். ஒருநாள் அவர் போனில் பேரனிடம் பேசிவிட்டு, "பையன் பக்தோல ஆரம்பிச்சு உருதுல முடிக்கிறான்" என்றார். பஷ்தோ அவர் வாயில் பக்தோ.

அப்போதுதான் நான் கேட்டேன், உங்களுக்குத் தெரிந்த பெயர்களைப் பதிவு செய்து பேரனுக்கு அனுப்பினால் என்ன. எட்டு வெள்ளிக்கிழமை ஆயிற்று. முதல் வாரம் பேட்டி எடுப்பது போலக் கேள்வி கேட்டேன், ஒன்றும் தேறவில்லை. "ஆமா, இல்லை" என்றே பதில் வந்தது. இரண்டாம் வாரம் பேரீச்சங்கொட்டையைக் கையில் கொடுத்தேன், ஒன்றரை மணி நேரம் பேசினார். பெரியவர்களிடம் கதை கேட்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: கையில் ஏதாவது வேண்டும், கொட்டையோ பழைய போட்டோவோ அரிவாளோ. தேதி கேட்காதீர்கள், அந்த வருஷம் மழை எப்படி, யார் கல்யாணம் என்று கேட்டால் வருஷம் தானாக வரும். பதிவுகளைத் துண்டு துண்டாக, ஒன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் வைத்தோம். நீளமாக இருந்தால் பையன்கள் கேட்க மாட்டார்கள் என்று சொன்னவரே காக்காதான்.

பஷ்தோ போனாலும் அந்தப் பெயர் நிற்குமா என்று ஒருமுறை கேட்டார். உத்தரப் பிரதேசத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன மலிஹாபாத்தில் நூற்றாண்டுகளாக அப்ரீதி வழிக் குடும்பங்கள் இருப்பதையும், நம் குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் உசேனின் குடும்பம் காயம்கஞ்ச் அப்ரீதிகள் என்பதையும் சொன்னேன். அவர்களுக்கு வீட்டில் உருதுதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்தக் கேல்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

2018 கடைசியில் காக்கா வேலையை முடித்துக்கொண்டு போனார். அடுத்த மார்ச்சில் அவருடைய பேரன் அதே கம்பெனிக்கு ஹெல்பராக வந்தான். பாரம் நிரப்ப என் முன்னால் நின்றபோது, கௌம் கேட்டேன், சொன்னான். எந்தக் கேல் என்றேன். "கராச்சி, ஸொஹ்ராப் கோத்" என்றான். நான் பேசாமல் இருக்கவே, போனை எடுத்துத் தடவி ஒரு பதிவை ஓடவிட்டான். காக்காவின் குரல், நடுவில் என் இருமல், பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டை வைக்கிற சின்னச் சத்தம். மூன்றாவது பெயர் வந்ததும் நிறுத்தி, "இது" என்றான்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், எழுத்து மாறினால் விசா திரும்பி வந்துவிடும். பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். கான் என்று எழுதினேன். தாயார் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பாரத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.